கிணற்றடியில் பிறந்த கைத்தொழில்: கொங்கு நாட்டின் கண்டுபிடிப்பு வரலாறு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் வாழும் கோவை மாநகரின் வரலாற்றிலோ அரண்மனைகளைவிடப் பட்டறைகளுக்கே இடம் அதிகம். இந்நகரின் பெயரை உலகம் அறியச் செய்தவர்களுள் பலர் லேத் முன்னாலும் வார்ப்படச் சாலையிலும் நின்று உழைத்தவர்கள்.

புதிய கருவி என்றால் அது மேலைநாடுகளில் பிறக்கும், நாம் அதை விலை கொடுத்து வாங்குவோம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. நூறாண்டுக் கால கொங்கு நாட்டு வரலாறு இதற்கு மாறான செய்தியைச் சொல்கிறது. அண்டை வீட்டாரின் துன்பத்தைக் கண்டு, அண்டை வீட்டார் வாங்கக்கூடிய விலையில் செய்யப்பட்ட பொருள்களே இங்கிருந்து கடல் கடந்து சென்றிருக்கின்றன. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வதும், அதிலிருந்து நம் ஜமாஅத் பெற வேண்டிய படிப்பினையைச் சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழை மறைவுப் பூமி

கோவைப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்ந்த காற்றையே பெரும்பாலும் நமக்கு அனுப்பி வைக்கிறது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிமீட்டர்தான். நொய்யலோ ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறன்று. காவிரிப் படுகையின் உழவர் மதகைத் திறந்து நீர் பாய்ச்சிய காலத்தில், கொங்கு நாட்டு உழவர் பாறையை உடைத்துக் கிணறு வெட்ட வேண்டியிருந்தது.

கிணறு வெட்டினால் மட்டும் போதுமா? நீரை மேலே கொண்டு வர வேண்டுமே! அதற்குக் கவலை ஓட்டினார்கள். இரண்டு எருதுகள், ஒரு தோல் சால், நீண்ட வடக்கயிறு, கிணற்றிலிருந்து சரிந்து செல்லும் ஒரு பாதை. எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன்பே தொடங்கி வெயில் ஏறும் வரை இவ்வாறு ஓட்டினாலும் ஒரு சிறு நிலமே நனையும். நம் பாட்டனார் காலத்தவர்க்கு இது கண்ணால் கண்ட வாழ்க்கை.

இந்நிலையில் மூன்று மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது பஞ்சாலை. 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் கோவையின் முதல் நூற்பாலை தோன்றியது. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி பரவியபோது கிணற்றுப் பாசனத்தின் தேவை மேலும் பெருகியது. இரண்டாவது பட்டறை. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கவும் உதிரிப் பாகங்களை வார்க்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்கூடத்தை நிறுவிக் கைத்தொழிலைக் கற்பிக்கத் தொடங்கியது. மூன்றாவது மின்சாரம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிக் கோவைக்கு மின்சாரம் வந்தது.

தண்ணீர்த் தாகமும், கை தேர்ந்த தொழிலாளரும், மின்சாரமும் ஓரிடத்தில் கூடின. அந்தக் கூட்டுறவில் பிறந்ததே கோவையின் பம்பு செட்.

வயலுக்கு ஏற்ற மோட்டார்

அன்றைய மின்மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. விலை அதிகம். பழுதானால் உதிரிப் பாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 1937ஆம் ஆண்டு ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இணைந்து பீளமேட்டில் இயங்கிய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் வழியாக உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என இது போற்றப்படுகிறது.

இதன் பின் வந்த பட்டறைக்காரர்கள் வெளிநாட்டு மோட்டாரை அப்படியே நகலெடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. கிராமத்து மின்சாரம் ஏறும், இறங்கும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். எனவே ஏற்ற இறக்கத்தைத் தாங்கக்கூடிய மோட்டார்களை இங்குள்ளவர்கள் செய்தார்கள். கருகினாலும் பக்கத்து ஊர்ச் சந்தையில் காயில் கட்டுபவரிடம் கொடுத்து மறுநாளே ஓட்டலாம் என்ற அளவுக்கு அதன் அமைப்பு எளிமையாக இருந்தது.

கிணற்றின் ஆழமும் ஒரு பாடம் கற்பித்தது. மேலே வைத்த பம்பு ஏறத்தாழ 25 அடிக்குக் கீழேயுள்ள நீரை உறிஞ்ச இயலாது. காற்றழுத்தத்தின் இயல்பே அத்தகையது. அதைப் பணத்தால் மாற்ற முடியாது. ஆகவே கிணற்றின் பக்கச் சுவரில் மேடை அமைத்துப் பம்பை உள்ளே இறக்கினார்கள். நீர் மேலும் இறங்கவே, ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கம்ப்ரசர் வைத்துக் காற்றைச் செலுத்தி நீரை மேலே தள்ளினார்கள். பின்னர் மோட்டாரையே நீருக்குள் அமிழ்த்தும் சப்மெர்சிபிள் பம்புகளைச் செய்தார்கள். நாட்டின் பம்புத் தேவையில் ஏறத்தாழப் பாதி கோவையிலிருந்து செல்வதாகத் தொழில் அமைப்புகள் கூறி வருகின்றன. இதே சூழலும் இதே மின்சாரக் குறைபாடும் உள்ள ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கும் இவை ஏற்றுமதியாகின்றன. நம் குறைக்கு நாம் கண்ட தீர்வு, அதே குறையுடைய பிறருக்கும் பொருந்திற்று.

பள்ளியை விட்ட மாணவர், கல்லூரி நிறுவினார்

மேற்சொன்ன ஜி.டி. நாயுடு 1893ஆம் ஆண்டு கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பாடசாலை! 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை ஓட்டத் தொடங்கியவர், பின்னர் யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார்.

சவரக் கத்தி முதல் வானொலி வரை அவர் கை வைக்காத துறை அரிது. 1945இல் அவர் முயற்சியால் தோன்றிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பாடத்தின் நீளத்தைக் குறைத்துக் கைப்பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் பொருட்டு அவர் ஆட்சியாளர்களுடன் முரண்பட நேர்ந்தது.

1952இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரக்கூடிய சிறு கார் ஒன்றையும் அவர் உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது சந்தைக்கு வரவில்லை. 1974இல் அவர் மறைந்தார். 2025இல் திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அறிவாளரை மறைவுக்குப் பின் போற்றுவது நம் சமூகத்துக்குப் பழக்கமான ஒன்று. வாழும்போது அவர்க்கு வழி விட்டோமா என்ற கேள்வியையும் அந்தக் கார் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

அடுக்களைக்கு வந்த மோட்டார்

வயலுக்கு வந்த மோட்டார் வீட்டுக்குள் வரச் சிறிது காலம் ஆயிற்று. ஆண்களின் பாரம் குறைந்த பின்னரே பெண்களின் பாரம் கண்ணுக்குத் தெரிந்தது போலும்! இட்லிக்கும் தோசைக்கும் மாவாட்டுவதற்காக நம் தாய்மார்கள் ஆட்டுக்கல்லின் முன் எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் பதிவு செய்ததில்லை. 1955ஆம் ஆண்டு கோவையைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். அதுவே வெட் கிரைண்டர்.

அதன் உட்பொருள் மிக எளியது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், கை குழவியைச் சுழற்றும். கிரைண்டரில் குழவி தன் இடத்தில் பிடித்து நிறுத்தப்படும். கல் பதித்த பாத்திரம் சுழலும். வேலையைத் தலைகீழாக்கியதும் மோட்டாருக்கு அது இலகுவாயிற்று. கத்தியால் வெட்டி அரைக்கும் மிக்ஸியில் மாவு சூடேறும். கல்லில் அரைபடும் மாவு குளிர்ச்சியாக இருந்து நன்கு புளிக்கும். ஊத்துக்குளிப் பகுதியின் கருங்கல்லும், கோவையின் மோட்டாரும் இணைந்து ஒரு புதிய தொழிலையே உருவாக்கின. 2005-06ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்களின் வீடுகளில் இது இருப்பதில் வியப்பில்லை. வியப்பான செய்தி வேறொன்று. மேலைநாடுகளில் சிறிய அளவில் சாக்லேட் தயாரிப்போர், கோக்கோ விதையை அரைக்க நம் கிரைண்டரைச் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பெரிய ஆலை இயந்திரத்தை வாங்க வசதியில்லாத அவர்களுக்கு, உளுந்து அரைக்கும் கல் கை கொடுத்தது.

பேசத் தயங்கிய பொருள்

இனி நாம் சொல்லப் போவது சிலருக்குக் கூச்சத்தைத் தரலாம். ஆனால் மத்ரஸாவில் ஃபிக்ஹ் பயின்ற எவரும் தூய்மை என்னும் முதல் பாடத்திலேயே மாதவிலக்கின் சட்டங்களைக் கற்றிருக்கிறார். சட்டத்தைக் கற்ற நாம், அந்நாட்களில் ஏழைப் பெண்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டதுண்டா?

கேட்டவர் ஒருவர் நம் கோவையில் இருந்தார். கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தந்தையை இளமையிலேயே இழந்து, 14 வயதில் பள்ளியை விட்டுப் பட்டறை வேலைக்குச் சென்ற அருணாசலம் முருகானந்தம் அவர். 1998இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பழந்துணியையும் செய்தித்தாளையும் சேர்த்து வைப்பதைக் கண்டு காரணம் வினவினார். கடையில் விற்கும் நாப்கினை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பதில் வந்தது.

பஞ்சை வைத்துத் தாமே செய்து பார்த்தார், பயனளிக்கவில்லை. பெருநிறுவனங்கள் பயன்படுத்துவது பஞ்சன்று, பைன் மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் செல்லுலோஸ் இழை என்பதைக் கண்டறியவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்யும் இயந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில் இருந்தது. மேலும் சில ஆண்டுகள் பாடுபட்டு, ஏறத்தாழ 65,000 ரூபாயில் தொடங்கும் சிறிய இயந்திரத் தொகுதியை அவர் உருவாக்கினார். அதன் முதற்படியாகிய இழை பிரிக்கும் கருவி, நம் அடுக்களைக் கிரைண்டரை ஒத்திருப்பது இவ்வூரின் மரபைக் காட்டுகிறது. பிறகு அச்சில் அழுத்துதல், துணியில் பொதிதல், புற ஊதாக் கதிரால் கிருமி நீக்குதல் என வேலை முடிகிறது. அதிகம் படிக்காத பெண்களும் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

அவர் விரும்பியிருந்தால் உரிமையைப் பெருநிறுவனத்துக்கு விற்றுப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே இயந்திரங்களை அளித்தார். வட மாநிலக் கிராமங்களிலும் வெளிநாடுகளிலும் அவை இயங்கத் தொடங்கின. 2014இல் டைம் இதழ் உலகின் செல்வாக்குமிக்க நூறு பேரில் ஒருவராக அவரைச் சேர்த்தது. 2016இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய பகுதி விருதுகளுக்கு முந்தியது. சோதனை நடத்திய நாட்களில் அவருக்கு நோய் என்றார்கள், பேய் பிடித்தது என்றார்கள். மனைவி பிரிந்து சென்றார். தாயும் வீட்டை விட்டு அகன்றார். இறுதியில் அவரே ஊரை விட்டு வெளியேறினார். குடும்பம் மீண்டும் இணைய ஆண்டுகள் பல ஆயின. ஊர் என்பது வேறு யார்? நம்மைப் போன்ற மனிதர்களின் கூட்டம்தானே!

வங்கத்தின் உப்பும் வெல்லமும், மதுரையின் லென்ஸும்

இது கோவைக்கு மட்டும் உரிய கதையன்று. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தனர். பங்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து வாயால் அருந்தச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. டாக்காவின் ஆய்வுக்கூடத்தில் முன்னரே நிறுவப்பட்ட உண்மை, முகாமின் நெருக்கடியில் உலகுக்குத் தெரிந்தது.

பின்னர் 1980களில் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இன்று வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உலகெங்கும் தரப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்னணி இதுவே.

நமக்கு அருகில் மதுரையிலும் இத்தகைய முயற்சி நடந்தது. 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை நீக்கிய பின் பொருத்தும் லென்ஸ் இறக்குமதியில் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் ஆரோலேப் நிறுவனத்தை ஏற்படுத்தி அதை மதுரையிலேயே செய்து, விலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டு வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது செல்கிறது. வசதி உள்ளவர் செலுத்தும் கட்டணம் இல்லாதவரின் சிகிச்சையைத் தாங்குகிறது. 1997 முதல் கோவையிலும் அம்மருத்துவமனை இயங்குகிறது.

நீர் கற்பித்த மறுபாடம்

நன்மையை மட்டும் சொல்லி முடித்தால் வரலாறு முழுமை பெறாது. கவலை ஓட்டிய காலத்தில் எருதின் களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. பம்பு செட் வேளாண்மையின் உயிர்நாடியாகவே மாறிய நிலையில், மின்கட்டணத்தை எதிர்த்து 1972இல் கோவை வீதிகளை உழவர்கள் மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். 1990இல் உழவர்க்கு இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. அது ஏழை உழவரைக் காத்தது உண்மை. நீரை இறைப்பதற்கு வரம்பு இல்லாமற் போனதும் உண்மை. கிணறு வற்றியது, ஆழ்துளைக் கிணறு வந்தது, இன்று ஆயிரம் அடி தோண்டியும் புழுதி பறக்கும் இடங்கள் நம் மாவட்டத்தில் உண்டு.

இதற்கும் இங்கேயே மருந்து தேடப்பட்டது. தமிழகத்தில் 2003இல் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய சிறுதுளி அமைப்பு, நொய்யலையும் கோவைக் குளங்களையும் மீட்கும் பணியில் இறங்கியது. எடுக்கும் கருவியைச் செய்த கைகள், சேர்க்கும் கருவியையும் செய்தாக வேண்டும் என்பதே நீர் கற்பித்த பாடம்.

நம் மஹல்லாவுக்கு இதில் என்ன?

அன்புச் சகோதரர்களே! நம் இளைஞர்களில் பலர் லேத் பட்டறைகளிலும், வெல்டிங் கடைகளிலும், பழைய இரும்புக் கடைகளிலும் உழைக்கிறார்கள். படிப்பை இடையில் விட்டவன் என்று அவர்களைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறோம். கல்வியின் அவசியத்தை எவரும் மறுக்க இயலாது. பள்ளியைத் தொடர இயலும் பிள்ளை தொடர்ந்தே ஆக வேண்டும். எனினும் விட்டுவிட்ட பிள்ளையின் கையில் இருப்பதும் ஒரு கல்வியே என்பதை இவ்வூரின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே மூன்று கருத்துகளை ஜமாஅத்தின் சிந்தனைக்கு முன்வைக்கிறோம். ஒன்று, கல்வி உதவி வழங்கும்போது ஐ.டி.ஐ. மாணவரையும் பட்டறையில் பயிலும் பிள்ளையையும் பட்டப்படிப்பு மாணவருக்கு இணையாகக் கருத வேண்டும். கருவி வாங்க வழியில்லாதவருக்கு வட்டியில்லா அழகிய கடன் கொடுப்பது ஒரு குடும்பத்தையே நிமிர்த்தும். இரண்டு, ஒளுவுக்கும் நீரை விரயம் செய்யலாகாது என்று மிம்பரில் கூறும் நாம், பள்ளிவாசலின் ஒளுத் தண்ணீர் சாக்கடையில் கலக்காமல் தோட்டத்துக்கோ நிலத்துக்கோ சென்று சேர வழி செய்ய வேண்டும். அதற்கான அமைப்பை நம் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம்.

மூன்றாவது, பணச் செலவு இல்லாதது; ஆனால் மிகக் கடினமானது. நம்மிடையே ஒருவர் புதிதாக ஒன்றை முயன்று தோற்கும்போது நகைக்காமல் இருப்பது. அவர் வீட்டாரிடம் சென்று, இவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்காமல் இருப்பது. முருகானந்தத்தின் ஊர் அவருக்கு அந்தச் சிறு உதவியைச் செய்யவில்லை. நம் மஹல்லாவில் அத்தகைய ஒருவர் இப்போதே ஏதேனும் ஒரு பட்டறையின் மூலையில் இரவு விளக்கெரித்துக் கொண்டிருக்கலாம். அவருக்கு நாம் எத்தகைய ஊராக இருக்கப் போகிறோம்?

பிறர் பாரத்தைத் தம் பாரமாக எண்ணும் உள்ளத்தையும், அதை இறக்கி வைக்கும் கைத்திறனையும் வல்ல இறைவன் நம் சந்ததியினருக்கு வழங்குவானாக! ஆமீன்.